காலி எடை

முதலில் ஏ.சி.யைத்தான் சந்தேகப்பட்டேன்.
எர்ணாவூர் எடைமேடையின் கண்ணாடி அறையில்
பதினெட்டில் வைத்தும்
மார்பில் கிளம்பி, கழுத்தேறி,
காதுமடலில் வந்து நின்று எரிந்தது.
மெக்கானிக் வந்தான். கேஸ் இருக்கு என்றான்.
முந்நூறு ரூபாய் வாங்கிப் போனான்.

அப்புறம் மணலிக் காற்றைச் சொன்னேன்.
ராத்திரியில் எவனோ எதையோ திறந்துவிடுகிறான்,
அதனால்தான் மூன்று மணிக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது என்று.
ஜன்னலைச் சாத்தினேன்.
நைட்டி முதுகோடு ஒட்டியது.
ஜன்னலைத் திறந்தேன்.
தெருவே தூங்கிக்கொண்டிருந்தது, உலர்ந்து.

ஒரு சீட்டில் நாளைய தேதியை அடித்தேன்.
ஒரு டிரைவரைக் காரணமில்லாமல் திட்டினேன்.
"இன்னாக்கா, வூட்ல சண்டையா?" என்றான்.
அன்றைக்குப் பருப்பு தீய்ந்தது.
அழுதேன்.
பருப்புக்கு யாராவது அழுவார்களா.

நாள் தள்ளிப்போனபோது
காலடிப்பேட்டை மெடிக்கலில்
பேப்பரில் சுற்றித் தந்த அட்டையோடு
பாத்ரூம் பல்பின் கீழ் நின்றேன்.
ஒரு கோடு.
அடுத்த மாதமும் ஒரு கோடு.
மூன்றாவது அட்டை வாங்கும்போது
கடைப்பெண்ணின் சிரிப்பில்
ஒரு வாழ்த்து இருந்தது.

வயது முப்பத்தேழு.
நகையை மீட்டதும் இரண்டாவது பிள்ளை என்றிருந்தோம்.
போன தையில்தான் மீட்டோம்.

ஸ்டான்லியில் ரத்தம் எடுத்தார்கள்.
ஒரு மாதம் விட்டு மறுபடி எடுத்தார்கள்.
டாக்டரம்மா என்னைவிடச் சின்னவள்.
ஓ.பி. சீட்டின் பின்பக்கம்
முட்டைப்பை இரண்டையும் வரைந்தாள்,
சுருங்கிய சுண்டைக்காய்போல.
"சீக்கிரமே ஓஞ்சிடுச்சும்மா. உங்க தப்பு எதுவும் இல்ல."
தப்பு என்று நான் சொல்லவே இல்லை.
சொல்லாததற்கு அவள் பதில் சொன்னதும்
மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

அக்காவுக்குப் போன் போட்டேன்.
"எனக்கு நின்னு ஆறு வருஷம் ஆச்சுடி" என்றாள்,
ரேஷனில் பருப்பு போட்டாச்சு என்பதைப்போல.
"மோர் குடி."

ஏழுமலையிடம் சொல்லப் பதினோரு நாள்.
ஃபிரிட்ஜைத் திறந்துவைத்து
அதன் முன் உட்கார்ந்திருந்தேன்.
"இன்னா தேட்ற?" என்றார் இருட்டிலிருந்து.
மஞ்சள் வெளிச்சத்தில்
தக்காளியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.
அவர் எதுவும் பேசவில்லை.
விடிந்ததும் டிரெய்லர் கேபினிலிருந்து
குட்டி ஃபேனைக் கழற்றி வந்து
பழைய பேட்டரியோடு தலைமாட்டில் கட்டினார்.
"கரண்ட் போனாலும் ஓடும்."
அன்று துறைமுக வரிசையிலிருந்து விலகி
இரண்டு மணி நேரம் வண்டி ஓரமாய் நின்றதாம்.
கிளீனர் பையன் சொன்னான்.
ஏன் என்று நான் கேட்கவில்லை.

கூட்டிப்போன பெட்டிகளை இறக்கிவிட்டு
திரும்பும் வண்டியையும் மேடையில் ஏற்றுவோம்.
சங்கிலி மட்டும் குலுங்கும்.
சிவப்பு எண்கள் ஓடி ஓடி நிற்கும்:
பதினான்கு டன் இருநூற்று நாற்பது.
பக்கத்தில் 'காலி' என்று அச்சாகும்.
எட்டு வருடமாய் அடித்துத் தருகிறேன்.
இப்போதுதான் படிக்கிறேன்.

ராத்திரி ஹார்மோன் மாத்திரை, மதியம் கால்சியம்.
எலும்புக்காக என்று ஒரு நடை,
கடலோரம் கொட்டிய பாறைகள்வரை, நூர்ஜஹானோடு.
அவள் பேசுவாள், நான் மூச்சு வாங்குவேன்.
டீயைக் குறைத்தேன். முழுக்க விட முடியவில்லை.
நெருங்கினால் எரிகிறது என்பதை
அவரிடம் சொல்ல இன்னொரு மாதம் பிடித்தது.
அதற்கும் ஒரு களிம்பு இருக்கிறதாம்.
டாக்டரம்மா சாதாரணமாகத்தான் சொன்னாள்.
நான்தான் தரையைப் பார்த்தேன்.

சில ராத்திரி இன்னும் கணக்குப் போடுகிறேன்,
அதற்கு இப்போது எத்தனை வயதிருக்கும் என்று.

இதோ, மறுபடி ஏறுகிறது.
கதவைத் திறந்து வாசலில் நிற்கிறேன்.
ஈரத்துண்டு பிடரியில்.
மேடையில் வண்டி உறுமுகிறது.
"இன்னாக்கா, ஏ.சி. ரூம்லயே வேர்க்குதா?"
"வேர்க்கும்" என்கிறேன்.
"இஞ்சினை ஆஃப் பண்ணு.
ரெண்டு நிமிஷம். அடங்கிடும்."