எழுத்துக்கு அறுபது ரூபாய்

கெய்சர் தெருவில், மாடிப்படிக்குக் கீழே என் கடை.
ஒரு சூட்டுப்பொறி, ஒரு மின்விசிறி,
முதுகில் பேர் இல்லாத சட்டைகள்.
யாவ் முதன்முதல் வந்தபோது
குனிந்துதான் நுழைந்தான்,
குனிந்தபடியே பேரைச் சொன்னான்:
ட்வும்-அம்பொஃபோ.
ஆங்கிலத்தில் பத்து எழுத்து. அறுநூறு ரூபாய்.
நடுவில் வரும் கோட்டுக்குக் காசு வாங்கவில்லை.

கானாவிலிருந்து எட்டு மாத ஒப்பந்தம்.
கொம்பனித்தெருவில் நாலு பேர் படுக்கும் அறை,
மூன்று மாதம் பிந்தி வரும் சம்பளம்.
மழை விட்ட மைதானத்தில் பந்து நின்றுவிடும்,
இவன் நிற்கமாட்டான்.
எட்டு மாதம் ஐந்து வருஷமானது. கழகம் மூன்று மாறியது.
அதே பத்து எழுத்தை வேறு வேறு நிறத்தில்
நான்தான் ஒட்டினேன்.
யாவ் என்றால் வியாழக்கிழமை பிறந்தவன் என்றான் ஒருநாள்.
நான் பிறந்த கிழமை எனக்குத் தெரியாது.
சான்றிதழ் இருந்தால் அல்லவா பார்க்க.

பிறகு பிரஜாவுரிமை.
பத்தரமுல்லையில் அதிகாரி எழுந்து கைகுலுக்கினாராம்,
படம் பிடித்தார்களாம்.
கேட்டுக்கொண்டே சட்டையை மடித்தேன்.
நான் பிறந்தது கொட்டாஞ்சேனை.
அப்பா ஹட்டன் பக்கம். அவருடைய அப்பாவும் அங்கேதான்.
எனக்குக் கடதாசி வந்தபோது வயது முப்பத்தொன்று.
யாரும் எழுந்து நிற்கவில்லை.
கம்பிக்குள்ளிருந்து ஒரு விரல் நீண்டது:
இங்கே கையெழுத்து.
பொறாமையா? இருந்தது.
அன்றைக்குக் கோட்டுக்கும் சேர்த்து
அறுநூற்று அறுபது வாங்கினேன்.

ஆனால் தேசியகீதம் அவனுக்கு வராது.
சனிக்கிழமை மேட்ச், வாய் அசைக்க வேண்டும் என்று வந்து நின்றான்.
எனக்குத் தெரிந்தது பள்ளிக்கூடத்தில் பாடியது. தமிழில்.
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
பற்றுச்சீட்டின் பின்பக்கம்
ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்.
மெட்டு ஒன்றுதானே.

சுகததாசவில் ஒலிபெருக்கி சிங்களத்தில் பாடியது.
கமரா முகம் முகமாகக் கடந்தது.
ஒன்பதாம் இலக்கத்தின் உதடு மட்டும்
வேறு இடத்தில் மூடி, வேறு இடத்தில் திறந்தது.
கவனித்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.
நாலுக்குப் பூச்சியம் தோற்றோம்.
'தோற்றோம்' என்று என் வாயில் வந்தது
அதுதான் முதல்முறை.

பதினேழு ஆட்டம், இரண்டு கோல்.
ஒன்று தலையால், மாலைதீவுக்கு எதிராக, எண்பத்தெட்டாம் நிமிடம்.
மற்றது யாருக்கும் ஞாபகமில்லை, அவனுக்கும்.
வென்ற கிழமை த்ரீவீல்காரன் காசு வாங்கவில்லை.
தோற்ற கிழமை, எந்த நாடு என்று கேட்டான்,
அதே த்ரீவீல்காரன்.
பிறகு முழங்கால்.

சங்கத்திடம் புதுச்சட்டைக்குப் பணமில்லை.
ஒன்பதை மூட்டையில் போட்டு அனுப்பினார்கள்:
பேரை உரித்துவிட்டு ரஸீன் என்று ஒட்டவும்.
சூடு வைத்து நகத்தால் உரித்தேன்.
எழுத்து போனது.
அதன் அடியில் வெயில் படாத துணி
பத்து எழுத்தாகவே கிடந்தது, பழைய நீலத்தில்,
கோடு உட்பட.
மேலே ரஸீனை ஒட்டினேன். ஆறு எழுத்து போதவில்லை.
இரண்டு பக்கமும் யாவ் நீட்டிக்கொண்டிருந்தான்.
அப்படியே கட்டி அனுப்பிவிட்டேன்.

போன கிழமை வந்தான், கொஞ்சம் நொண்டி.
வத்தளையில் பிள்ளைகளுக்குப் பழக்குகிறானாம்.
பதினைந்து சட்டை, பேர் வேண்டாம், இலக்கம் மட்டும்.
இலக்கம் இப்போது தொண்ணூறு என்றேன்.
"எழுபதுக்குப் போடுங்க அண்ணே,
எல்லாம் விலை கூடிப்போச்சு" என்றான், தமிழில்.
முடியாது என்றேன்.
சட்டைகளை அள்ளிக்கொண்டு
வாசல்வரை போனான்,
புறக்கோட்டையில் எல்லோரும் போவது போல,
கூப்பிடுவேன் என்று தெரிந்து,
மெதுவாக.