குச்சி நடும் வாரம்

ஈஸ்டர் விடுமுறைக்கு முன்னால்
மேட்டுநிலத்தில் குச்சி நட வேண்டும்.
நகரத்திலிருந்து சறுக்கி வருகிறவர்களுக்கு
நார்வேயின் வெண்மையில் வழி தெரியாது.
பத்து மீட்டருக்கு ஒரு பிர்ச் குச்சி,
இந்தக் குடிலிலிருந்து அடுத்த குடில் வரை
பதினேழு கிலோமீட்டர்.

இந்த வருடம் என் ஜோடி ஒட்வார்.
மலைச் சங்கத்தில் பட்டியல் போட்ட போர்கில்டுக்குத் தெரியாது,
படகு விற்ற காசில் தொடங்கி
பதினோரு மாதமாக
நானும் என் அக்காள் கணவனும் பேசுவதில்லை என்று.

அவன் துளையிட்டான். நான் நட்டேன்.
துளைக்கருவியின் இரைச்சல் இருவருக்கும் வசதி.
அது ஓய்ந்தால்
அவன் மூக்குறிஞ்சுவது கேட்டுவிடும்.

மதியம் ஆளுக்கொரு திசை பார்த்துச் சாப்பிட்டோம்.
ஆரஞ்சு உரித்தான். தோலை மடித்துப் பையில் வைத்தான்.
எனக்கு ஒரு சுளை நீட்டுவானோ என்று
நான் பார்க்கவே இல்லை.
வெள்ளைக் கௌதாரி ஒன்று
காலடியிலிருந்தே கிளம்பிப் போனது,
அதுவரை அது பனியாக இருந்தது.

பிறகு மேற்கு மறைந்தது.
கிழக்கும்.
வானமும் தரையும் ஒரே துணி, தையல் தெரியவில்லை.
என் சறுக்குக் கட்டையின் நுனி
வேறு யாருடையதோ போல் தெரிந்தது.

"இடது பக்கம் வேண்டாம்" என்றான்.

பதினோரு மாதத்தில் முதல் வார்த்தை.
இடது பக்கம், காற்று வளர்த்த விளிம்பு
ஏரிக்கு மேலே வெறுமையில் நீட்டிக்கொண்டிருக்கும்.
நின்றேன்.

திரும்பும்போது நாங்கள் நட்டவையே எங்களுக்கு வழி.
ஒருவர் குச்சியைப் பிடித்தபடி நிற்க வேண்டும்.
மற்றவர் தேடிப் போய்க் கத்த வேண்டும்:
இருக்கு.
அவன் குரல் வந்த பக்கம் நான் போவேன்,
அவனைத் தாண்டி, அடுத்ததற்கு.
இருக்கு.
கொஞ்சம் தள்ளி,
இருக்கு.

ஓரிடத்தில் நான் கத்தவில்லை.
குச்சி இல்லை.
அவன் கேட்டான், "ராக்ன்ஃப்ரிட்?"
மண்டியிட்டுக் கையால் துழாவினேன்.
பசியில், ஆழம் பார்க்காமல் நான் செருகியது
சாய்ந்து, பாதி புதைந்து கிடந்தது.
வந்தான். ஒன்றும் சொல்லவில்லை.
மறுபடி துளைத்து, நிறுத்தி,
பூட்ஸால் நான்கு முறை மிதித்தான்.
நான்காவது எனக்காக.

குடிலில் அடுப்பு. பட்டாணி சூப். ஈரக் காலுறைகளின் வாடை.
படகைப் பற்றி அவனும் எடுக்கவில்லை, நானும்.
விளக்கருகே பதிவேட்டைத் திறந்து எழுதினான்:

இருவர். மூடுபனி.
இருநூற்றுப் பதினான்கு குச்சிகள்.
ஒன்று மீண்டும் நடப்பட்டது.

அந்தக் கடைசி வரியை
எழுதாமல் விட்டிருக்கலாம்.