பத்து நாள் பறுவம்

நாலு கம்பத்திலும் லைற் போட்ட அன்று
குருநகர்க் கோழிகள் இரவு எட்டு மணிக்குக் கூவின.
நாங்கள் சிரித்தோம்.
மெல்கியோர் சிரிக்கவில்லை.
அமாவாசைக்கு இன்னும் ரெண்டு நாள்,
இருட்டை நம்பித்தான் கடனுக்குத் தவணை சொல்லியிருந்தான்.

பண்ணையால் போகிற றோட்டுக்குக் காப்பெற் போட்டார்கள்,
வீரர்களின் பஸ் திரும்புகிற இடம் மட்டும்.
அதற்கு அங்கால் பழைய கிடங்குகள், அப்படியே.
புல்லுக்குக் காலையும் மாலையும் பவுசர் வந்தது.
பெர்னதெத் அக்கா நாலு வாளியோடு
கேற்றடியில் நின்று கேட்டாள்:
"தம்பி, புல்லுக்குப் பிறகு எங்களுக்கோ?"
நல்ல பெடியன். ரெண்டு வாளி நிரப்பிவிட்டு
ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ என்றான்.

எனக்குப் பத்து நாள் வேலை, பெண்கள் கழிப்பறையில்.
கழுத்தில் படம் போட்ட அட்டை.
பொலிஸ் நிற்கிற இடமெல்லாம் நிமிர்ந்து நடந்தேன்,
எங்கே போறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை,
நாற்பத்தொரு வயதில் முதல் தடவை.
பொய் ஏன், அந்த அட்டையோடுதான் பூசைக்கும் போனேன்.

கடலில் றால் இல்லை.
காலண்டரில் இல்லாத பறுவம், விடிய விடிய.
கிலோ ஐயாயிரம் தாறோம் என்று
ஹோட்டல்காரர் படலையில் வந்து நின்றார்கள்.

மெல்கியோர் முறைப்பாடு எழுதிக்கொண்டு போனான்.
அலுவலர் இரண்டு தரம் வாசித்தார்.
தேத்தண்ணி தந்தார்.
இரண்டு ரிக்கற் தந்தார்.

ஆக உயரத்துப் படி. வேலை முடிந்து பக்கத்தில் நான்.
எவனோ அடித்த ஆறுக்குச் சனம் எழும்பியது,
அவனும் எழும்பினான், பார்த்தது மற்றப் பக்கம்:
மதிலுக்கு வெளியே, வெளுத்துக் கிடந்த கடலில்
அப்பு நட்ட, இவன் நட்டு வருகிற
களங்கண்டித் தடிகள், ஒவ்வொன்றும் நிழலோடு.
"அக்கா, கோணலாயெல்லோ கிடக்கு."
இருபது வருசம் நெஞ்சளவு தண்ணியில் நின்றவனுக்கு
அது தெரிந்திருக்கவில்லை.
முன்பின் தெரியாத ஒரு பெடியன்
கொடியொன்றைக் கையில் திணித்தான்.
ஆட்டினான். எந்த நாட்டுக் கொடியென்று
இன்றைக்கும் எங்களுக்குத் தெரியாது.

பதினோராம் இரவு லைற் நின்றது.
றால் வந்தது, அரை நிலவையும் பாராமல்.
வாங்க வந்தவர்கள் பிளேன் ஏறியிருந்தார்கள்.
கிலோ ஆயிரத்து இருநூறு.

அட்டையைத் திருப்பிக் கேட்டார்கள், கொடுத்தேன்.
நாடாவைக் கழற்றி வைத்துக்கொண்டேன்,
வாளிக்குக் கட்ட.

மெல்கியோர் நேற்றுக் காலை தொடக்கம்
தடிகளைப் பிடுங்கிப் பிடுங்கி நேராக்குகிறான்.
மேலே ஏறிப் பார்க்க இனி ஆர் இருக்கினம்?
கேட்டால், "திரும்ப வரும்" என்கிறான்.
கோபமா, ஆசையா,
எனக்குப் பிடிபடவில்லை.