சொட்டு நீலம்

வெள்ளை வத்தி எல்லா வீட்டிலும் இருக்கு,
கலர் என்றால்தான் காசு என்றாள் பெலிசிட்டா,
கல்மண்டபம் ஸ்டாப்பில், பஸ் ஏறும் அவசரத்தில்.
நவம்பர் வருது. கல்லறைக்கு வாங்குவாங்க.
நீ ஊத்து, நான் விக்கிறேன்.

எங்கள் பேட்டையின் பெயரிலேயே வண்ணம் இருக்கிறது.
ஆளோ, அழுக்கு வெளுக்கிறவர்.
அந்த ஒரு சொல்லுக்குள்
ஞாயிறு முழுக்க மாட்டிக்கொண்டேன்.

முதலில் கேசரிப் பவுடர்.
கலக்கினேன், கலக்கினேன்.
மெழுகு அதைத் தெரிந்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை.
சட்டியின் அடியில் சிவப்பு மணல்.

அடுத்து, துணிக்குப் போடும் சொட்டு நீலம்.
நாலே சொட்டு.
சட்டி சீறியது. புறங்கையில் கொப்புளம்.
நீலம் மட்டும் குண்டு குண்டாக
அடியில் கோலி விளையாடிக்கொண்டிருந்தது.

ஜெசிந்தாவின் பெட்டியில்
கடல் பச்சை ஒன்று முழுசாக இருந்தது.
உடைத்துப் போட்டேன். கரைந்தது!
டீ கப்பில் ஊற்றி, ஆறவைத்து,
விளக்கணைத்துப் பற்றவைத்தால்
உளுந்தளவு சுடர்.
திரியின் தொண்டையில் பச்சை அடைத்து
தன் குளத்திலேயே அது மூழ்கிப்போனது.
மறுநாள் பள்ளிக்கூடத்தில் அவள்
கடலை மஞ்சளாகத் தீட்டிவிட்டு வந்தாள்.

எனாமல் போடேன், படகுக்கு அடித்தது மிச்சமிருக்கு
என்றார் மேல்வீட்டு தனராஜ்.
படகு எரியறதில்லையே அண்ணே என்றேன்.

பாரிமுனைக்குப் பின்னால் ஒரு சந்து.
சாக்குத் திரைக்குள்ளிருந்து கடைக்காரர் கேட்டார்:
மெழுகுக்கா, சோப்புக்கா?
ஒரு வாரத்தில் என்னிடம் கேட்கப்பட்ட
முதல் சரியான கேள்வி.
எண்ணெயில் கரையும் நீலம், பத்து கிராம்.
மாத்திரைக் கவர் மாதிரி ஒன்றில் கட்டித் தந்தார்.
கத்தி முனையில் எடு, கரண்டியால் இல்லை.

கத்தி முனையில்தான் எடுத்தேன்.
சட்டி கறுத்தது.
போச்சு என்று நினைத்தேன்.
ஒரு சொட்டை வெள்ளைச் சாசரில் விட்டு
உறையும்வரை குனிந்து பார்த்தேன்.
மழை விட்ட சாயங்காலம், துறைமுகப் பக்கம்,
அந்த நீலம்.

பதினாறு வத்தி.
யாருக்கும் சொல்லாமல் கொஞ்சம் ஆடினேன்.

அப்புறம்தான் வீட்டைப் பார்த்தேன்.

சூடு ஆறுமுன் துடைத்திருந்தால்
ஒரு தாள் போதும். ஆடினேன் இல்லையா.
நைட்டியில் ஐஸ் வைத்துச் சுரண்டினேன்,
தாளைப் போட்டுத் தேய்த்தேன்.
மெழுகைக் குடித்த இடமெல்லாம் தாள் கண்ணாடியாகி
‘காலமானார்’ வழியாகத் தெரிந்தது
பின்பக்கத்து மனை விற்பனை.
சட்டியை வெந்நீரில் அலசி
அப்படியே சிங்க்கில் கொட்டினேன்.
அதைச் செய்திருக்கக் கூடாது.

புதன்கிழமை கீழ்வீட்டு தௌலத் பீ வந்தார்,
கையில் வளைந்த கம்பி.
எதுவும் பேசவில்லை.
என் உள்ளங்கையில் ஒரு கட்டியை வைத்தார்.
குழாய் எங்கே மடங்குகிறதோ
அந்த மடக்கு அப்படியே, நீலத்தில்,
இரண்டு முடி, ஒரு சோற்றுப் பருக்கையோடு.
நான் செய்ததிலேயே வடிவம் பிசகாதது அதுதான்.
திரிதான் இல்லை.

மன்னிச்சிருங்க என்றேன்.
பாத்திரம் ரெண்டு நாளா வாசலில் கழுவறேன் என்றார்.
பதினாறில் இரண்டை நீட்டினேன்.
ஒன்று போதும் என்று
இரண்டையும் வாங்கிக்கொண்டார்.

சனிக்கிழமை ரேஷன் கடை.
பெருவிரலை வைத்தேன். மெஷின் மறுத்தது.
அழுத்தி வைங்க. மறுத்தது.
வேற விரல். அதுவும்.
பின்னால் வரிசை முணுமுணுத்தது.
ரேகையின் வரப்பெல்லாம் மெழுகு நிரம்பி
நான் ஒரு வழவழப்பான ஆளாகியிருந்தேன்,
யாராகவும் இருக்கலாம்,
அரிசி மட்டும் கிடையாது.

தேங்காய் எண்ணெய், கடலை மாவு,
கல்லில் ஒரு தேய்.
கோடு கோடாக நான் திரும்பி வந்தேன்.
பீப் என்றது. பதினைந்து கிலோ.

எல்லாம் வித்தாச்சு என்று போன் செய்தாள் பெலிசிட்டா.
அடுத்து சிவப்பா?

நகக்கண்ணைப் பார்த்தேன்.
இரு, இது போகட்டும் என்றேன்.