மதகடிப் புதர்

அறிக்கைப் படிவத்தின் பதினாறாவது கேள்வி:
இருபத்திரண்டு ஆண்டுகளில் கண்டறிந்தது என்ன.
நூறு சொற்களுக்குள்.

பாரூர் ஏரிக்கரையில் நாங்கள் வளையமிட்டது
நாலாயிரத்துச் சொச்சம் கால்கள்.
வேறெங்கோ யாரோ எண்ணைப் படித்து
எழுதிப் போட்டது மூன்று.
அதில் ஒன்று, கசகஸ்தானில்,
பூனை வாயிலிருந்து எடுத்தது.
அந்தப் பூனைக்கு நன்றி சொல்லியிருந்தேன்
ஒரு கட்டுரையின் கடைசியில், சிறு எழுத்தில்.
பதிப்பாசிரியர் நீக்கிவிட்டார்.

முனிரத்தினம் மாங்கூழ் ஆலைக்காரர்.
மே முதல் ஜூலை வரை போச்சம்பள்ளிப் பக்கம் இராவேலை,
முழங்கை வரை தோத்தாபுரி வாசம்.
ஆலை நின்றால் பறவை வரும்,
பறவை போனால் ஆலை ஓடும்.
இரண்டு வலசைக்கு நடுவே ஒரு மனிதர்
என்று நான் வியந்தபோது
'நடுவுல சம்பளமில்லாத ஆகஸ்ட்டு ஒண்ணு இருக்குதுங்க' என்றார்.

மதகடியில் ஒரு சீமைக்கருவேலம் புதர்.
அதில் ஒரு நாணல் கதிர்க்குருவி.
பெயரில்தான் நாணல்; குளிர்காலம் முழுக்க முள்.
பழுப்பு என்று எழுதிவிட்டால்
மிச்சம் சொல்ல ஒன்றுமில்லை.
பழைய சுவிட்சைப் போடுவதுபோல் ஒரு குரல்:
டக். டக்.
பிலிம் சுருள் டப்பாவில் தலைகீழாய் நுழைத்துத்
தராசில் தொங்கவிட்டால் பதினொரு கிராம்.
அது இமயத்தைத் தாண்டியோ சுற்றியோ,
எப்படி என்று இன்னும் எனக்குத் தெரியாது,
ஐந்து குளிர்காலம்
அதே புதருக்கு, செப்டம்பர் கடைசி வாரம்,
ஒரே ஒரு தடவை இரண்டு நாள் தாமதமாய்.
கடைசியாகப் பிடித்தபோது
வளையத்தின் ஏழு தேய்ந்து ஒன்றாகியிருந்தது.

சீமைக்கருவேலத்தை அகற்றலாமா என்று
ஏரிப் பராமரிப்புக் குழு கேட்டது.
அகற்ற வேண்டும் என்று கையெழுத்திட்டேன்.
அயல் தாவரம். நீரை உறிஞ்சும். மற்றதை வளரவிடாது.
எல்லாம் உண்மை. இன்று கேட்டாலும் அதைத்தான் எழுதுவேன்.

'மேடம், மதகடி ஒண்ணை மட்டும் உட்டுடச் சொல்லலாங்களா?'

ஒன்று என்பது தரவு இல்லை என்றேன்,
மாணவர்களிடம் பேசும் குரலில்.

ஜூனில் பொக்லைன் வந்தது.
அப்போது அது வடக்கே எங்கோ
குஞ்சுகளுக்குப் புழு தேடிக்கொண்டிருக்கும்.

செப்டம்பர் இருபத்தெட்டு.
மதகடி வெறும் மண், சக்கரத் தடங்களில் தண்ணீர்.
பத்தடி தள்ளி, கரைச் சரிவில்
வெட்டிய முள்ளை ஆளுயரத்துக்கு யாரோ குவித்திருந்தார்கள்.
கோவைக்கொடி ஏறி அது பச்சையாகியிருந்தது.
'வெறகுக்குங்க' என்றார் முனிரத்தினம்.
அவர் வீட்டில் கேஸ் அடுப்பு.
விறகை யாரும் மூன்று மாத மழையில் போட்டு வைப்பதில்லை.

இராவேலை முடித்து வந்து இழுத்திருக்க வேண்டும்.
நான் கேட்கவில்லை.
அவர் முன்னங்கையைப் பார்த்தேன்,
ஆறிய கீறல்கள், கோடு கோடாய்.

உள்ளேயிருந்து: டக்.

வலை ஜீப்பில் இருந்தது.
விரித்தால் எண் தெரியும், எடை தெரியும்,
ஆறாவது குளிர்காலம் என்று
ஒரு வரி கிடைக்கும், நல்ல வரி.
வேறு பறவை என்றும் தெரிந்துவிடலாம்.
நான் விரிக்கவில்லை.
ஏன் என்பது நூறு சொற்களுக்குள் அடங்காது,
பத்துச் சொற்களிலும் எனக்குத் தெரியவில்லை.

முனிரத்தினம் நோட்டில் மணி எழுதினார், ஆறு நாற்பது.
வளைய எண்: ஒரு கோடு.
எடை: ஒரு கோடு.
இனம் என்ற கட்டத்தில் பேனா நின்றது.

'என்னான்னு போடட்டும்?'

டக், என்றது முள்.