முப்பது என்று சொன்ன பெட்டி

தாவ்யுவான். ஜனவரி.
வாசலில் காவலர் என் நெற்றியைக் கருவியால் சுட்டார்:
முப்பத்து நான்கு புள்ளி எட்டு.
"இந்தக் கணக்குக்கு நீ பாதிப் பிணம்" என்று சிரித்து
உள்ளே விட்டார்.
இரவு ஷிப்டுக்குப் பாதி போதும்.

மூன்றாம் வரிசை. மஞ்சள் விளக்கு. டெவலப்பர் தொட்டி.
சோடாக் கரைசல், நூற்றுக்கு ஒரு பங்கு,
முப்பது டிகிரி.
ஒன்று கூடலாம், ஒன்று குறையலாம்.
அதற்கும் கீழே போனால்
போக வேண்டிய படலம் செம்பை விடாமல் ஒட்டிக்கிடக்கும்.
மேலே போனால்
இருக்க வேண்டியதும் கிளம்பிவிடும்.

தலைமயிரில் பாதி அகலம் ஒரு தடம்.
அதற்குள் நாளை யாரோ ஒருவரின் குரல்
போய் வர வேண்டும்.

பெட்டியில் பச்சை எண்: 30.0.
பதினொன்றுக்கு 30.0. ஒன்றரைக்கு 30.0.
பதிவேட்டில் நானும் எழுதினேன்,
தண்டனைக்கு எழுதும் பிள்ளைபோல்,
நிமிராமல்.

இரண்டே காலுக்கு ரொஹேலியோ
ஒரு பலகையைத் தூக்கி விளக்கில் பிடித்தான்.
"ஷியூ-ஜுவான், ஓரத்தைப் பார்."
கரை அரித்திருந்தது.
அடுத்ததிலும். அதற்கு அடுத்ததில்
ஒரு தடமே காணோம்.

லியாவ் வந்தார்,
கன்னத்தில் மேசை விளிம்பின் கோடு.
"பெல்ட் வேகத்தைக் கூட்டு.
எண் சரியாகத்தானே இருக்கிறது?"

நான் வாதாடவில்லை.
அலமாரியில் கண்ணாடி வெப்பமானி ஒன்று,
சிவப்புச் சாராயம் அடைத்தது.
மூடியைத் திறந்து
உறை போட்ட கையை முழங்கைவரை நுரைக்குள் விட்டேன்.
சிவப்பு ஏறியது.
முப்பதைத் தெரியாததுபோல் தாண்டியது.
முப்பத்தைந்துக்குக் கொஞ்சம் முன்னால்
நின்றது.

உணரியை உருவினோம்.
கவ்வி நழுவி எத்தனை நாளோ,
பாதி உடம்பு திரவத்துக்கு வெளியே;
மீதியில் கரைந்த படலத்தின் நீலச் சேறு
விரல் தடிமனுக்கு.
குளிர்கிறது என்றது அது.
ஹீட்டர் நம்பியது.
ஹீட்டரைப் பெட்டி நம்பியது, பெட்டியை நான்.
பொய் சொன்னவர் என்று
விரல் நீட்ட ஆளில்லை.

நூற்று நாற்பது பலகைகளுக்குச் சிவப்புச் சீட்டு.
பதிவேட்டில் என் முப்பதுகளை அழிக்கவில்லை;
ஒரே கோடாக அடித்து
பக்கத்தில் 34.6 என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.
லியாவ் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.
பிறகு தானாகவே குனிந்து
குளிர்நீர்க் குழாயைத் திறந்தார்.

சூடாக்குவதுபோல் இல்லை ஆறவைப்பது.
நாற்பது நிமிடம் பிடித்தது.
ரொஹேலியோ உடைத்த வேர்க்கடலையைத் தின்றபடி
மூவரும் அந்தச் சிவப்பு இறங்குவதைப் பார்த்தோம்.
பெட்டி பக்கம் யாரும் திரும்பவில்லை,
பாவம், அது இப்போது
பதினேழு என்று காட்டிக்கொண்டிருந்தது
வெறும் மேசைமேல் கிடந்து.

ஏழு மணிக்கு வாசலில்
அதே காவலர், அதே கருவி.
வருகிறவர்களை மட்டும்தான் சுடுகிறார்.
வெளியே போகிறவர்களின் சூட்டை
அங்கே எவரும் குறித்துக்கொள்வதில்லை.