பட்ஜெட்டில் ஒரு குதிரை

முதல் தலைப்பு:
"மத்திய ஆசிய மலைகளின் நீர் எதிர்காலம்."
பதினோரு பக்கம். மூச்சு விடாமல் எழுதினேன்.
பனிப்பாறை அழுதது, ஆறுகள் ஏங்கின,
மூன்றாம் பக்கத்தில் மனிதகுலமே எச்சரிக்கப்பட்டது.

பிஷ்கெக்கிலிருந்து பதில் இரண்டே வரியில்:
ஆர்வம் தெரிகிறது.
கேள்வி தெரியவில்லை.

விடுதி அறையில், ஆறிப்போன ஹீட்டருக்குப் பக்கத்தில்,
சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தாள் மேரிம்.
புள்ளியியல் படிப்பவள். பனிப்பாறைக்கெல்லாம் கண் கலங்கமாட்டாள்.
"மத்திய ஆசியாவை எத்தனை நாளில் சுற்றி வருவாய்?"
சரி, கிர்கிஸ்தான்.
"ஒரு கோடை விடுமுறைக்குள்?"
நாரின் மாவட்டம்.
"தனியாக?"
ஒரு பள்ளத்தாக்கு.
கடைசியில் ஒப்புக்கொண்டேன்:
பன்னிரண்டு ஊற்றுகள், ஒரே சரிவில்.
அவற்றில் வருவது பழைய பனிப்பாறையின் நீரா,
போன குளிர்காலத்துப் பனியா...
"இதை எழுது" என்று தேநீர் வைக்கப் போய்விட்டாள்.

எழுதினேன். ஒவ்வொரு பெயரடையும்
பல் பிடுங்குவது போல வந்தது.
"மிக முக்கியமான" போனது. "இதுவரை யாரும் செய்யாத"
போகும் முன் நூலகத்தில் மூன்று நாள்.
யாரோ செய்திருந்தார்கள். ரஷ்ய மொழியில்,
1974இல், ஒன்பது ஊற்றுகளுக்கு.
அன்றிரவு சாப்பிடவில்லை.
விடிந்து பல் துலக்கும்போதுதான் உறைத்தது:
ஒப்பிட எனக்கொரு 1974 கிடைத்திருக்கிறது!

பிறகு பட்ஜெட்.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொல்லும் படிவம்.
உபகரணம், பயணம், ஆள்கூலி, இதர.
வெப்பமானி பதினான்கு, இரண்டு உடைந்துபோகக்கூடும்.
மாதிரிக் குப்பி இருநூறு.
குதிரை ஒன்று, ஒன்பது நாள்.
குதிரையை எதில் சேர்ப்பது?
உபகரணம் என்றாள் மேரிம்.
கணக்குப் பிரிவுக்குப் போன் செய்தேன்.
அங்கிருந்தவர் நெடுநேரம் யோசித்து
"ரசீது தருமா?" என்றார்.

குதிரைக்காரர் தாலாய்பெக் முன்பணம் கேட்டார்.
வாடகை படிந்த பிறகு,
"நீ போகிற நேரம் ஊற்று வறண்டு கிடந்தால்
காசைத் திருப்பிக் கேட்பாயா?"
மாட்டேன். வறண்டிருந்தாலும் அது ஒரு பதில்தான்,
தேதி போட்டுக் குறித்துக்கொள்வேன் என்றேன்.
வாயில் வந்ததை அப்படியே
"இடர்கள்" பகுதியில் எழுதினேன்.
அந்தப் பதினோரு பக்கத்தில் இல்லாத வரி.

கெடு நள்ளிரவு. பதினொன்று நாற்பதுக்கு
மின்சாரம் போனது.
மேரிமின் கைபேசியில், அவளுடைய டேட்டாவில்
அனுப்பினேன். நான்கு பக்கம்.

மார்ச்சில் ஒப்புதல் வந்தது.
கீழே சின்ன எழுத்தில்:
குதிரை, ஒன்பது நாளல்ல, ஆறு.
காரணம் இல்லை.

தாலாய்பெக்கைக் கூப்பிட்டேன்.
மறுமுனையில் காற்று இரைந்தது.
"மீதி மூன்று நாள்?"
நடப்பேன்.
"ஏறும்போதா, இறங்கும்போதா?"

அதை நான் எந்தப் பக்கத்திலும் எழுதியிருக்கவில்லை.